மருந்து சும்மா கிடைக்குது, அந்த நாள் சும்மா கிடைக்கிறதில்ல

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால இருக்கிற எங்க தோட்டத்துல ஒரு மாமா இருக்கார். (வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், கொழும்புல தோட்டம்னா மரம் செடி இல்ல, ஒரே பைப்பையும் ஒரே வரிசை கக்கூஸையும் பங்கு போட்டுக்கிட்டு ஒட்டி ஒட்டி இருக்கிற முப்பது நாப்பது வீடு.) மாமாவுக்கு புறக்கோட்டையில நாட்டாமை வேலை, லொறியில இருந்து சீனி மூட்டை, பருப்பு மூட்டையை முதுகுல வாங்கி கடைக்குள்ள இறக்குற வேலை, இருபத்தாறு வருஷமா அதைத்தான் செய்றார், அவருக்கு போன வருஷம் வலது கால் சின்ன விரலை எடுத்துட்டாங்க. செருப்பைத் துளைச்சு ஒரு ஆணி ஏறியிருக்கு, ஏறினதே அவருக்குத் தெரியல்ல, பின்னேரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினப்ப மாமிதான் ரத்தத்தைப் பார்த்திருக்கா. மஞ்சள் வச்சு துணியால கட்டிட்டு அடுத்த நாள் காலையில திரும்பவும் வேலைக்குப் போயிட்டார். தீபாவளி சீசன். பன்னிரண்டு நாளுக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது, அப்ப விரல் கறுத்து மணக்கத் தொடங்கியிருந்துச்சு.

மாமாவுக்கு சிங்களம் கடைக் கணக்குக்குக் காணும், வருத்தத்தை விளக்கிச் சொல்லக் காணாது, அதால நான் கூடப் போனேன். டொக்டர் கோபப்பட்டார், ஒன்பது வருஷமா சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிற மனுஷன் ஏன் அண்டைக்கே வரல்ல, ஆஸ்பத்திரி சும்மாதானே, ஒரு சதம் கேட்டமான்னு. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "மருந்து சும்மாதான் பிள்ள, அந்த நாள் சும்மா இல்லையே" ன்னார். அதை எப்படி சிங்களத்துல சொல்றதுன்னு எனக்குத் தெரியல்ல, சொல்லாமலே விட்டுட்டேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியை விளங்கப்படுத்தத்தான்.

கிளினிக் நாள்னா என்னன்னு பாருங்க. விடிய நாலு மணிக்கு எழும்பணும், நம்பர் எடுக்கணும், வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும், பிறகு ரிப்போர்ட்டுக்கு நிக்கணும், டொக்டர்கிட்ட மூணு நிமிஷம், அதுக்குப் பிறகு மருந்து வாங்குற வரிசை, வெளியில வர மத்தியானம் ஒரு மணி ரெண்டு மணி ஆயிடும். அப்ப லொறி எல்லாம் இறக்கி முடிஞ்சிருக்கும், அன்றைய கூலி போச்சு. மாசச் சம்பளக்காரனுக்கு அது ஒரு லீவு, நாள் கூலிக்காரனுக்கு அது ஒரு நாள் சாப்பாடு, ரெண்டு மூணு தரம் வராம விட்டா அவர் நிக்கிற இடத்துல வேற ஆள் நிப்பான். மேல பஸ் காசு, பசியில வாங்கிற தேத்தண்ணியும் ரோல்ஸும், அதோட இருக்கிற ஆறு மருந்துல ஒண்ணு ஸ்டொக் இல்லன்னா 'வெளியில எடுங்க' ன்னு ஒரு துண்டு. சில டெஸ்டுக்கு நாள் தள்ளிக் குடுப்பாங்க, அவசரம்னா பிரைவட்ல செய்யச் சொல்வாங்க. இலங்கையில மொத்த சுகாதாரச் செலவுல கிட்டத்தட்ட பாதி சனங்க தங்கட பொக்கட்டுல இருந்து குடுக்கிற காசுதான். இலவச வைத்தியம் இருக்கிற நாட்டுல இது எப்படின்னு கேட்டா அந்தத் துண்டுகளைத்தான் காட்டணும்.

இதைச் சொல்றதால அரசாங்க ஆஸ்பத்திரியைக் குறை சொல்றதா யாரும் நினைக்க வேணாம், அது இல்லாட்டி எங்க தோட்டத்துல பாதிப் பேர் இருக்கமாட்டாங்க. 1951ல இருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில கட்டணம் கிடையாது. 1940களின் நடுவுல பிறக்கிற ஆயிரம் பிள்ளைகள்ல 140 வரைக்கும் ஒரு வயசுக்கு முந்தி செத்துச்சு, இப்ப அது பத்துக்கும் கீழ. பணக்கார நாடாகிறதுக்கு முந்தியே இதைச் செஞ்சிருக்கோம், 1926ல களுத்துறையில தொடங்கின சுகாதாரப் பிரிவு, அதுல இருந்து வந்த எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) முறை, வீடு வீடா நடந்து வந்து வயித்துப்பிள்ளைக்காரிய பார்க்கிற மிட்வைஃப், 1945ல வந்த இலவசக் கல்வி, படிச்ச தாய்மார், இது எல்லாம் சேர்ந்துதான். காசில்லாத நாட்டுலயும் உயிரைக் காப்பாத்த ஏலும்னு இதே நாடு காட்டியிருக்கு, அதால இப்ப ஏலாதுன்னு யாராவது சொன்னா நான் நம்பமாட்டேன்.

ஆனா அந்தக் காலத்து வருத்தம் வேற. மலேரியா, கொலரா, பிரசவத்துல ரத்தம் போறது, இதுக்கெல்லாம் ஒரு தரம் நேரத்துக்கு வைத்தியம் கிடைச்சா ஆள் தப்பலாம். இப்ப இலங்கையில நடக்கிற சாவுல பத்துக்கு எட்டு தொற்றாத வருத்தத்தால, மாரடைப்பு, பாரிசவாதம், சீனி, கேன்சர். இதுக்கு ஒரு தரம் போனா முடியாது, சாகும் வரைக்கும் மாசா மாசம் கிளினிக், தினமும் குளிசை, சாப்பாட்டுல கட்டுப்பாடு, நடை, நித்திரை. அதாவது நேரம் வேணும், ஒழுங்கான சாப்பாடு வேணும், மனசுல கொஞ்சம் அமைதி வேணும், இந்த மூணுமே ஏழைகிட்ட இல்லாத சாமான்.

சீனி வருத்தம் பணக்கார வருத்தம்னு இன்னும் நிறையப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது பழைய கதை. மாமா வீட்டுல காலையில பாணும் பருப்பும், இல்லாட்டி பாணும் சம்பலும், வேலைக்கு நடுவுல மூணு நாலு தரம் சீனி கூடப் போட்ட பிளேன்டீ, ஏன்னா மூட்டை தூக்க உடனே தெம்பு வேணும், அந்தத் தெம்பை ஆகக் குறைஞ்ச காசுக்குத் தர்றது சீனியும் மாவும்தான். மத்தியானம் சோத்துப் பார்சல், மலை மாதிரி சோறு, ஓரத்துல கறி. 'சோத்தைக் குறைச்சு மரக்கறி கூட்டுங்க' ன்னு கிளினிக்ல சொல்றது சரியான புத்திமதிதான், ஆனா கால் கிலோ போஞ்சி விலையில எத்தின ராத்தல் பாண் வாங்கலாம்னு மாமிக்குத் தெரியும். 2022 செப்டம்பர்ல கொழும்புல சாப்பாட்டு விலை அதுக்கு முந்தின வருஷத்தை விட 94.9 வீதம் கூடிப் போச்சு, கிட்டத்தட்ட ரெட்டிப்பு. அப்ப எங்க தோட்டத்துல முதல்ல நின்னது மீன், பிறகு முட்டை, பிறகு பால்மா, கடைசி வரைக்கும் நிக்காம வந்தது பாணும் சோறும் சீனியும். வயிறு நிறையும், உடம்புக்கு வேண்டியது கிடைக்காது, ஒரே வீட்டுல பிள்ளை மெலிஞ்சு போயிருக்கும், தாய்க்கு உடம்பு போட்டு பிரஷர் இருக்கும்.

கால் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுல வறுமை எப்படி வேலை செய்யுதுன்னு நல்லா விளங்கும். ரத்தத்துல சீனி வருஷக்கணக்கா கூடி நின்னா பாதத்துக்குப் போற நரம்பு மெல்ல மெல்லச் செத்துப் போகும், அதாலதான் ஆணி ஏறினது தெரியல்ல. காலுக்குப் போற ரத்தக் குழாய்களும் அடைபடும், புண் ஆற ரத்தம் போய்ச் சேரணுமே, அது போகாது. கிருமிக்கு அது நல்ல இடம். இப்ப பாருங்க, இதே சீனி ஏ.சி. ஒபிஸ்ல சப்பாத்து போட்டு வேலை செய்ற ஒருத்தருக்கு இருந்தா ஆணி ஏற வாய்ப்பே குறைவு, ஏறினாலும் அண்டைக்கே பிரைவட்ல காசு கட்டி டொக்டரைப் பார்ப்பார், ரெண்டு கிழமை மெடிக்கல் லீவு போட்டு காலை மேல தூக்கி வச்சுக்கிட்டு இருப்பார். மாமா போட்டிருந்தது தேஞ்ச ரப்பர் செருப்பு, புண்ணோட மூட்டை தூக்கினார், பாரம் முழுக்க அந்தப் பாதத்துல. வருத்தம் ஒண்ணுதான், ஒருத்தருக்கு அது ரெண்டு கிழமை, மத்தவருக்கு ஒரு விரல். விரல் போன பிறகு மூட்டை தூக்க ஏலாது, வருமானம் குறையும், அடுத்த குளிசை, அடுத்த பஸ் காசு இன்னும் கஷ்டம். வறுமை வருத்தத்தைக் குடுக்குது, வருத்தம் திரும்ப வறுமையைக் குடுக்குது. மாமி விரல் போன பிறகு வந்த மூணு மாசத்துல காப்பு ரெண்டையும் அடைவு வச்சா, அது இன்னும் திரும்பி வரல்ல.

இது பிறக்கிறதுக்கு முந்தியே தொடங்குதுங்கிறதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை. டேவிட் பார்க்கர்னு ஒரு இங்கிலாந்து டொக்டர் பழைய பிறப்புப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ஞ்சு, நிறை குறைவாப் பிறந்த பிள்ளைகள் வளந்து பெரியாளான பிறகு மாரடைப்பால சாகிறது கூடன்னு கண்டார், சீனி வருத்தத்துக்கும் இதே தொடர்பு இருக்குன்னு பிறகு காட்டினாங்க. தாய் வயித்துல சாப்பாடு பத்தாம இருக்கிற பிள்ளையோட உடம்பு பஞ்சத்துக்குப் பழகிப் பிறக்குது, பிறகு பாணும் சீனியும் வயிறு நிறையக் கிடைக்கிற இடத்துல வளரும்போது அந்த உடம்பால தாங்க ஏலாமப் போகுது. மாமாவோட அம்மா மலைநாட்டுல லயத்துல (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்து கொழுந்து பறிச்சவங்க, பிறக்கிறதுக்கு ரெண்டு நாள் முந்தி வரைக்கும் மலையில நின்னாங்களாம். மாமாவோட சீனி எங்க தொடங்கிச்சுன்னு யாராலயும் சொல்ல ஏலாது, ஆனா அங்கயா இருக்கலாம்னு நான் யோசிக்கிறேன். 1973ல இருந்து நம்ம நாட்டுல திரிபோஷ குடுக்கிறதும் இந்தச் சத்துக் குறைக்காகத்தான், சோளமும் சோயாவும் சத்தும் சேர்ந்த அந்த மாவு பக்கெட் தாய்க்கும் நிறை குறைஞ்ச பிள்ளைக்கும். ஆனா வீட்டுல ஒண்ணுமில்லாதப்ப அந்த 750 கிராம் பக்கெட்டை உருண்டை பிடிச்சு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதான் சாப்பிடும். அதைத் தப்புன்னு எந்த மிட்வைஃபும் சொல்றதில்ல, ஆனா தாய்க்குன்னு கணக்குப் போட்ட சத்து தாய்க்குப் போகல்ல.

வீட்டைப் பத்தியும் கதைக்கணும். நகர அபிவிருத்தி அதிகாரசபை எடுத்த கணக்குல கொழும்பு நகரத்துல 68,000க்கும் மேல குடும்பங்கள் இப்படிப்பட்ட தோட்டங்கள்லயும் சேரிகள்லயும் இருக்குன்னு வந்துச்சு. பைப்புல தண்ணி மெல்ல வரும், அதால பீப்பாயில பிடிச்சு வைப்பாங்க, மூடி இல்லாத பீப்பாதான் டெங்கு நுளம்பு முட்டை போடுற இடம். 2017ல நாட்டுல 186,101 பேருக்கு டெங்கு வந்து நானூறு பேருக்கு மேல செத்தாங்க. பி.எச்.ஐ. (பொது சுகாதாரப் பரிசோதகர்) வந்து பீப்பாயைக் கவிழ்த்துட்டுப் போவார், அது அவர் கடமை, ஆனா பைப்புல ஒழுங்கா தண்ணி வந்தா எவளும் பீப்பா வைக்கமாட்டா. ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில ஆறு பேர் படுத்தா ஒருத்தருக்கு இருக்கிற டீ.பி. மத்தவங்களுக்குப் போக அதிக நாள் எடுக்காது, அதுக்கு மருந்து இலவசம்தான் ஆனா ஆறு மாசம் விடாமப் போடணும், ரெண்டாம் மாசம் இருமல் நின்ன உடனே வேலைக்குப் போறவங்க நடுவுல விட்டுடுவாங்க, பிறகு வர்ற டீ.பி. பழைய மருந்துக்கு மடங்காமப் போகலாம். புறக்கோட்டை கடைகள்ல நிக்கிற பொம்பளப் பிள்ளைகள்கிட்ட கேட்டுப் பாருங்க, கக்கூஸ் போக ஒழுங்கான இடம் இல்லன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருக்காங்க, அதாலதான் அடிக்கடி சலக்கடுப்பு. 2020 ஒக்டோபர்ல பேலியகொட மீன் சந்தையில கொரோனா கிளம்பினப்ப மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை எல்லாம் கிழமைக்கணக்கா மூடிக் கிடந்துச்சு, ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க, பொதுக் கக்கூஸ் வரிசையில எங்க தள்ளி நிக்கிறது?

தோட்டத்தை உடைச்சு மாடி வீடு கட்டிக் குடுக்கிறதும் நடக்குது, சொந்தக் கக்கூஸும் பைப்பும் கிடைச்சது பெரிய விஷயம், அதை மறுக்க ஏலாது. ஆனா எங்க சொந்தக்காரப் பாட்டி ஒருத்தங்க இருக்கிற மாடியில லிஃப்ட் பழுதாகிக் கிடந்த நாள்கள்ல ஒன்பதாம் மாடியில இருந்து இறங்க ஏலாம ரெண்டு கிளினிக் விட்டுட்டாங்க. கட்டிக் குடுக்கிறதோட பராமரிக்கிற காசு யார் குடுக்கிறதுன்னும் யோசிக்கணும்.

'அதுகளுக்கு அக்கறை இல்ல, குளிசை ஒழுங்காப் போடுறதில்ல' ன்னு ஏழைகளைப் பத்தி சொல்றதைக் கேட்டா எனக்கு வயிறு எரியும். 2013ல வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, அது நடந்தது தமிழ்நாட்டுல, கரும்பு விவசாயிகளை வச்சு. கரும்பு வெட்டினா காசு வரும், வெட்டுறதுக்கு முந்தின மாசங்கள்ல கையில ஒண்ணும் இருக்காது, நகை அடகுல இருக்கும். அதே ஆளுக்கு அறுவடைக்கு முந்தியும் பிந்தியும் புத்தியைச் சோதிக்கிற டெஸ்ட் குடுத்துப் பார்த்தாங்க, காசில்லாத காலத்துல அதே மனுஷன் குறைவாத்தான் செய்றார். ஆள் மாறல்ல, மூளையில இருந்த இடத்தைக் கடன் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாடகை, வட்டி, பிள்ளையோட டியூஷன் காசு, நாளைக்கு லொறி வருமா வராதா, இது எல்லாம் சுத்துற மண்டையில ராத்திரி எட்டு மணிக் குளிசைக்கு எங்க இடம்? இதுக்கு மேல பக்கெட்ல எழுதியிருக்கிறது சிங்களத்துலயோ இங்கிலீஷ்லயோ. 1987ல தமிழும் அரச கரும மொழியாச்சு, ஆனா எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முந்தி எது பிந்தின்னு மாமி இன்னும் என்கிட்ட கேட்டுத்தான் பக்கெட்ல பேனையால ஒரு சோத்துக் கோப்பை படம் கீறி வைக்கிறா.

சரி, இதை எப்படிக் குறைக்கிறது. முதல்ல காசு, இதைச் சுத்தி வளைச்சுச் சொல்ல வேணாம். உலக வங்கி கணக்குல 2021க்கும் 2022க்கும் நடுவுல இலங்கையில வறுமை 13.1 வீதத்துல இருந்து 25 வீதமாச்சு, நகரங்கள்ல 5ல இருந்து 15, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள்ல பாதிச் சனம். 2023 ஜூலையில, வறியவங்களுக்கு அரசாங்கம் குடுத்துக்கிட்டு இருந்த சமுர்த்தி உதவிக் காசுக்குப் பதிலா அஸ்வெசும வந்துச்சு, ஆக வறிய குடும்பத்துக்கு மாசம் 15,000 ரூபா, 2025 ஜனவரில இருந்து 17,500. நேரா பேங்க் கணக்குக்கு வர்றது நல்லது, யார் கையையும் பார்க்கத் தேவையில்ல. பிரச்சினை ஆளைத் தெரிவு செய்றதுல. வீட்டுச் சுவர் என்ன, கரண்ட் இருக்கா, என்ன சாமான் இருக்குன்னு எல்லாம் புள்ளி போட்டுத்தான் பார்க்கிறாங்க, எங்க தோட்டத்துல சுவர் சீமெந்துதான், கரண்டும் இருக்கு, அதால தாள்ல பார்த்தா நாங்க வசதியானவங்க. நகரத்து வறுமைக்கு வேற அளவுகோல் வேணும், எத்தின பேர் ஒரு அறையில, எத்தின வீட்டுக்கு ஒரு கக்கூஸ், வருஷத்துல எத்தின நாள் கூலி கிடைச்சுச்சு, வீட்டுல நாள்பட்ட வருத்தக்காரர் இருக்காரா, இதையெல்லாம் கேட்கணும்.

அடுத்தது சாப்பாடு. 2024 மார்ச்ல இருந்து அரசாங்கப் பள்ளிக்கூடங்கள்ல ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு குடுக்கிறாங்க, கிட்டத்தட்ட 16 லட்சம் பிள்ளைகள். யார் ஏழைன்னு பிரிக்காம எல்லாருக்கும் குடுக்கிறதுதான் இதுல ஆக நல்ல விஷயம், பிள்ளை வெட்கப்படத் தேவையில்ல, முட்டையும் கீரையும் பயறும் பழகும். இதை மட்டும் எந்த அரசாங்கம் வந்தாலும் நிப்பாட்டக் கூடாது, மேல் வகுப்புகளுக்கும் நீட்டணும், ஏன்னா பன்னிரண்டு பதிமூணு வயசுல ரத்தம் குறைஞ்ச பொம்பளப் பிள்ளைதான் நாளைக்கு நிறை குறைஞ்ச பிள்ளையைப் பெறப் போற தாய்.

மருந்துல நம்ம நாடு ஒரு காலத்துல உலகத்துக்கே வழி காட்டியிருக்கு. பேராசிரியர் சேனக்க பிபிலே சொன்ன வழியில 1971ல அரச மருந்துக் கூட்டுத்தாபனம் வந்துச்சு, அவசியமான மருந்துன்னு ஒரு பட்டியல் போட்டு, கொம்பனிப் பெயரைப் பார்க்காம மருந்துப் பெயரைப் பார்த்து மொத்தமா வாங்குறது, விலை சடார்னு இறங்கிச்சு. உலக சுகாதார நிறுவனம் அப்படி ஒரு பட்டியல் போட்டதே 1977லதான். மாமாவோட சீனிக் குளிசை மெட்ஃபோமின், பிரஷர் குளிசை எல்லாம் பழைய, மலிவான மருந்து, இது தட்டுப்பாடு வரவே கூடாத சாமான்.

ஆனா எனக்கு ஆகப் பெரிசாத் தெரியிறது நேரம், இதுக்கு அதிகம் காசும் தேவைப்படாது. சீனி, பிரஷர் கட்டுப்பாட்டுல இருக்கிறவங்களுக்கு ரெண்டு மாச மருந்து ஒரேயடியாக் குடுக்கலாம். நம்பருக்கு விடிய வந்து நிக்காம நேரம் குறிச்சுக் குடுக்கலாம். 2011ல இருந்து 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்' னு அரசாங்கம் நடத்துற இடங்கள்ல சீனியும் பிரஷரும் சும்மா பார்க்கிறாங்க, நல்ல திட்டம், ஆனா வர்றது கூட பொம்பளைங்க, ஆம்பளைங்க வர்றது மிச்சம் குறைவு, ஏன்னா அது திறந்திருக்கிற நேரம் அவங்க வேலையில. அப்ப அதைப் பின்னேரம் ஆறு மணிக்குத் திறக்கணும், ஞாயிற்றுக்கிழமை திறக்கணும், இல்லாட்டி ஒரு மேசையையும் பிரஷர் மெஷினையும் எடுத்துக்கிட்டு புறக்கோட்டைக்கே வரணும், மத்தியானம் ரெண்டு மணிக்கு நாட்டாமைமார் கைவண்டியில சாய்ஞ்சுக்கிட்டு இருப்பாங்க, அரை மணித்தியாலத்துல ஐம்பது பேரோட காலைப் பார்க்கலாம், தமிழ் தெரிஞ்ச ஒரு நேர்ஸ் இருந்தா. மாமாவோட காலை யாராவது அந்த ஒன்பது வருஷத்துல ஒரு தரம் தொட்டுப் பார்த்து 'மாமா, இந்த இடத்துல தொடுறது தெரியுதா' ன்னு கேட்டிருந்தா, அந்த செருப்பை அப்பவே மாத்தியிருப்பார்.

இப்ப அவர் ஒரு கடையில வாசல்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை, கூலி பாதிக்கும் குறைவு. ராத்திரி மாமி போன் லைட்டை அடிச்சு அவரோட ரெண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரைக்கும் பார்க்கிறா, அதை நான்தான் கிளினிக்ல கேட்டு வந்து சொல்லிக் குடுத்தது, ஒரு நாளும் விடுறதில்ல. அடுத்த கிளினிக் வர்ற செவ்வாய். இந்த முறை ரெண்டு மாசத்துக்கு மருந்து தரச் சொல்லிக் கேட்டுப் பாரு பிள்ளன்னு நேத்தே சொல்லி வச்சிட்டா, அதைச் சிங்களத்துல எப்படி மரியாதையாக் கேட்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.